மூணாம் நம்பர் சிலை

சித்த நகர்ந்து உக்காருங்க தம்பி. ம், போதும் போதும். முழங்கால் மடங்க மாட்டேங்குது, அதான். டாக்டரைப் பார்க்கத்தான் கோயமுத்தூர் வந்தேன். பஸ்ல ஏறி வருசக்கணக்காச்சுங்க. போன ஆவணி வரைக்கும் எனக்கு ஜீப்புதான், அதுவும் முன்சீட்டு. இப்பக் கேட்டா ஜீப்பு நகராட்சி வேலைக்காம். என்ற முழங்கால் நகராட்சி வேலை இல்லையாம். அதை விடுங்க.

கையில அது என்னங்க, மேப்பா? குடுங்க பார்க்கலாம். 'செல்லாண்டிபுதூர் தொழில் மரபுச் சிற்பப் பாதை.' அட, நம்மூருக்குத்தான் வர்றீங்களா? சிலை பார்க்கவா? லீவு நாள்ல, இந்த வெயில்ல, டிக்கெட் எடுத்துட்டு, சிலை பார்க்கவா? செரி செரி, பாருங்க. வேண்டாம்னு சொல்லலை.

ஒண்ணு மட்டும் சொல்றேன், கேட்டுக்குங்க. ஒண்ணாம் நம்பர் பாருங்க. ரெண்டாம் நம்பர் பாருங்க. நாலு, அஞ்சு, ஆறு எல்லாம் பாருங்க. மூணாம் நம்பரை மட்டும் பார்க்காதீங்க. பார்த்தாலும் நம்பாதீங்க.

நான் யாரா? நகராட்சித் தலைவர் திலகமணின்னு பேரு கேள்விப்பட்டிருப்பீங்களே, பேப்பர்லகூடப் போட்டோ வந்துச்சு. அவங்க வீட்டுக்காரர். சென்னியப்பன். இதைத் திருப்பிப் போட்டுச் சொல்லிட்டிருந்தாங்க தம்பி, ரெண்டு வருசத்துக்கு முன்னால. 'சேர்மன் யாரு?'ன்னு கேட்டா, 'நம்ம சென்னியப்பண்ணன் சம்சாரம்'னு சொல்லுவாங்க. இப்ப என்னை யாருன்னு கேட்டா 'சேர்மனம்மா வீட்டுக்காரர்'ங்கறாங்க. எனக்கு அதுல ஒண்ணும் வருத்தமில்லீங்க. சும்மா சொன்னேன்.

எங்க ஊருல தலைவர் பதவியைப் பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. இருவத்தஞ்சு வருசம் கட்சிக்கு ஒழைச்சவன் நான். கொடி கட்டியிருக்கேன், செவுரு எழுதியிருக்கேன், ஒருவாட்டி மண்டைகூட ஒடைஞ்சிருக்குது. கடைசியில பொம்பளைங்களுக்குன்னுட்டாங்க. என்ன பண்றது? ஊட்டுல ஒண்ணு இருந்துச்சு, நிறுத்தினேன். போஸ்டர்ல நான் பெருசாக் கும்பிட்டிருப்பேன், மூலையில சின்னதா அவ கும்பிட்டிருப்பா. ஜெயிச்சா. அதாவது ஜெயிச்சேன். மன்றத்துல அவ நாற்காலிக்குப் பக்கத்துல எனக்கு ஒரு நாற்காலி. கையெழுத்து எங்க போடோணுமின்னு வெரல் வெச்சுக் காட்டுவேன், போடுவா. ஒரு வார்த்தை பேச மாட்டா. அந்த மாதிரி ஒரு தலைவரைத் தமிழ்நாட்டுல நீங்க பார்த்திருக்க மாட்டீங்க.

அப்பத்தான் இந்தச் சிலைத் திட்டம் வந்துச்சு.

எங்கூரு சும்மா இல்லீங்க. பம்பு செஞ்ச ஊரு, கிரைண்டர் செஞ்ச ஊரு, நூலு நூத்த ஊரு. பாதிக் கம்பெனி மூடியாச்சு. மூடினதுக்கப்புறந்தான் மரபுன்னு பேரு வெப்பாங்க போல. எது எது செஞ்சமோ அதையெல்லாம் பழைய இரும்புலயே சிலையாச் செஞ்சு ஊரைச் சுத்தி வெக்கறது, வெளியூருக்காரங்க வந்து நடந்து பார்க்கறது, இதான் திட்டம். ஒண்ணாம் நம்பர் சந்தைப்பேட்டையில இருக்குது, பெரிய மோட்டார் பம்பு. அழகுக்காக அதுல நெசமாலுமே தண்ணி கொட்டற மாதிரி வெச்சிருக்கு. ஊருக்குள்ள எப்பவும் தண்ணி வர்ற ஒரே கொழாய் அதானுங்க. காலங்காத்தால போனீங்கன்னா சிலையைப் பார்க்க முடியாது, கொடந்தான் தெரியும். ரெண்டாம் நம்பர் பவுண்டரி ஆளு, இரும்பு காய்ச்சி ஊத்தற மாதிரி. அதைக் கொண்டுபோய்ச் சரக்குக் கடைக்கு எதுத்தாப்புல வெச்சுட்டாங்க. சாயங்காலமானா நாலு பேரு அதுகிட்ட நின்னு, 'எனக்கும் ஊத்து மாப்ளே'ன்னு டம்ளரை நீட்டிட்டு இருப்பாங்க.

மூணாம் நம்பருதான் மெயினு. பஸ் ஸ்டாண்டு முக்குல, ஊருக்குள்ள நொழையற எடத்துல. அந்த எடம் எங்கப்பாவுக்குன்னு நான் முடிவு பண்ணியிருந்தேன்.

எங்கப்பா பேரு கந்தப்ப மேஸ்திரி. அங்காளம்மன் மில்லுல தலைமை மேஸ்திரி. முதலாளி மெட்ராஸ்ல இருப்பாரு, தீபாவளி, பொங்கல்னு நோம்பிக்கு நோம்பி வருவாரு. மத்த நாளெல்லாம் மில்லுன்னா எங்கப்பாதான். அவரு தலையாட்டாம ஒரு ஈ எறும்பு உள்ள வேலைக்குச் சேர முடியாது. எங்க ஊட்டுக்கு ஜனங்க தானா வருவாங்க தம்பி, கையில கோழி, நெய்ச் சட்டி, வாழைத்தாரு. வேண்டாம்னு சொல்லுவாரு, கீழ வெச்சுட்டுப் போயிடுவாங்க. அத்தனை பிரியம். அப்படிப்பட்ட மனுசனுக்குச் சிலை வெக்கறது தப்புங்களா?

சிலை செய்யறதுக்கு ஒரு பையன் வந்தான், நாகர்கோவில்காரன், எபனேசர்னு பேரு. முடியை வளர்த்து உச்சியில முடிச்சுப் போட்டிருப்பான். மூடின மில்லு குடோன்லயே தங்கி, அங்க கெடந்த இரும்பைப் பொறுக்கி, வெல்டிங் வெச்சிட்டிருந்தான். அவன் கையில எங்கப்பா போட்டோவைக் குடுத்தேன். 'சும்மா மூஞ்சிய வச்சுச் செய்ய முடியாது அண்ணாச்சி, இவரோட வேலை பாத்த ஆளுகள்ட்டப் பேசணும்'னான். பேசலாமே, எனக்கென்ன பயமா? நானே கூட்டிட்டுப் போனேன்.

மொதல்ல ராமாத்தாக்கா ஊடு. வயசு எம்பது பக்கம் இருக்கும், அந்தக் காலத்துல மில்லுல நூலைக் கோன்ல சுத்தற கோன் வைண்டிங்ல இருந்துச்சு. மொறத்துல கடலை போட்டு உரிச்சிட்டிருந்துச்சு. போட்டோவை வாங்கிக் கண்ணுகிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துச்சு.

"இவன் செத்துட்டானா?"

"செத்து ரொம்ப வருசம் ஆச்சுங்கக்கா."

"நல்லாத் தெரியுமா?"

"நான்தானுங்களே கொள்ளி வெச்சேன்."

"அப்பச் செரி"ன்னு போட்டோவைக் குடுத்துட்டு மறுபடி கடலை உரிச்சுது. பாருங்க தம்பி, என்ன ஒரு அக்கறை! ரெண்டு தடவை கேட்டுச்சு. அப்புறம் பஞ்சு அடிக்கற ப்ளோ ரூம்ல இருந்த ஒரு பெரியவரு. போட்டோவைப் பார்த்த ஒடனே கயித்துக் கட்டில்ல இருந்து எந்திரிச்சு, தோள்ல இருந்த துண்டை எடுத்துக் கக்கத்துல வெச்சிட்டு நின்னாரு. உக்காருங்கன்னு சொல்லியும் உக்காரலை. செத்தும் அத்தனை மரியாதை.

திரும்பி வர்ற வழியில குடுமித் தம்பி போட்டோவையே பார்த்துட்டு வந்தான். "என்னப்பா, ஜனங்க எங்கப்பாவை மறந்துட்டாங்களோன்னு பார்த்தியா?"ன்னேன். "இல்ல அண்ணாச்சி, ஒருத்தருக்கும் மறக்கல. அதாம் பிரச்சன"ன்னான். நாகர்கோவில் பேச்சு நமக்கு அவ்வளவாப் பிடிபடாதுங்க.

இதெல்லாம் ராத்திரி சோத்துல உக்காந்து திலகாகிட்டச் சொன்னேன். ராமாத்தாக்கா கேட்டதையும் சொன்னேன். அவளுக்குப் புரையேறிக்கிச்சு. தண்ணி குடிச்சுட்டு, "தீர்மானம் மன்றத்துல வரட்டும்"னா. அவ்வளவுதான். நான் செரின்னு விட்டுட்டேன்.

மன்றக் கூட்டம் வந்துச்சு. நான் வெள்ளை வேட்டி சட்டையில போயி எப்பவும் போல என்ற நாற்காலியில உக்காந்தேன். திலகா மைக்கைக் கிட்ட இழுத்தா. மைக்கை அவ தொட்டு அன்னைக்குத்தான் பார்க்கறேன்.

"கூட்டத்தை ஆரம்பிக்கலாமுங்க. பார்வையாளருங்க பின்னால பெஞ்சுல போயி உக்காந்துக்கங்க."

யாருடா பார்வையாளருன்னு நானும் சுத்திப் பார்த்தேன். ஒருத்தரையும் காணோம். கவுன்சிலருங்க இருக்கறாங்க, ஆபீசருங்க இருக்கறாங்க. மறுபடி அவளைப் பார்த்தேன். அவ என்னைப் பார்க்கலை, கையில இருந்த பேப்பரைப் பார்த்துட்டிருந்தா. கமிஷனர் தொண்டையைக் கனைச்சாரு. அப்புறந்தான் ஒறைச்சுது. எந்திரிச்சேனுங்க. என்னவோ ஞாபகத்துல எந்திரிச்சேன்னே வெச்சுக்கங்க. எந்திரிச்சதுதான் தாமசம், டவாலி போட்ட பியூன் வந்து நாற்காலியைத் தூக்கிட்டுப் போயிட்டான். அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் குடுத்ததே நானுங்க.

பின் பெஞ்சுல உக்காந்து கேட்டேன். அவ பேசினா.

"பஸ் ஸ்டாண்டு முக்குல கந்தப்ப மேஸ்திரிக்குச் சிலை வெக்கோணுமின்னு ஒரு கோரிக்கை வந்திருக்குதுங்க. இந்த ஊருக்குத் தொழில் கொண்டாந்தவருன்னு எழுதியிருக்குது. கொண்டாந்தது யாருன்னு எனக்குத் தெரியாது. செஞ்சது யாருன்னு தெரியும். நானும் செஞ்சேன். கல்யாணத்துக்கு முன்னால, கோன் வைண்டிங்ல. முப்பது பொம்பளைங்க இருந்தோம். ஒண்ணுக்குப் போறதுக்கு ஒரு மரக்கட்டை இருந்துச்சு. அதைக் கையில வெச்சிருந்தாத்தான் எடத்தை விட்டு எந்திரிக்கலாம். இல்லாட்டி அரை நாள் கூலி போச்சு. முப்பது பேருக்கு ஒரு கட்டை. அது மேஸ்திரி முக்காலிக்குப் பக்கத்துல தொங்கும். போயிக் கேட்டா, 'என்னத்துக்கு?'ம்பாரு. அத்தனை ஆம்பளைங்க முன்னால சத்தமாச் சொல்லோணும். சொன்னா, 'இப்பத்தானே போனே'ம்பாரு."

எனக்குக் கூச்சமாப் போச்சு. மைக்குல பேசற பேச்சா அது?

ஒழுங்குன்னா ஒழுங்கு தம்பி. கட்டையைக் கண்டபடி குடுத்தா மில்லு ஓடுமா? எங்கப்பா ஊட்டுலயும் அப்படித்தான். எங்கம்மா சந்தைக்குப் போறதுன்னாலும் கேட்டுட்டுத்தான் போகும். அதனால என்ன கொறைஞ்சு போச்சு? எங்கம்மா ஒருநாள் மூஞ்சி சுளிச்சு நான் பார்த்ததில்லை. மூஞ்சியே அவ்வளவாப் பார்த்ததில்லை, எந்நேரமும் அடுப்புக்கிட்டத்தான் இருக்கும்.

அவ அதோட விடலை. "அந்தக் கட்டை வேண்டாமின்னு ஏழு பொம்பளைங்க மில்லு கேட்டுல உக்காந்தாங்க. வெயில்லயும் உக்காந்தாங்க, மழையிலயும் உக்காந்தாங்க. மூணாம் நம்பர் சிலை அவங்கதான். ஆதரிக்கறவங்க கையைத் தூக்குங்க"ன்னா. பொம்பளைக் கவுன்சிலருங்க அத்தனை பேரும் தூக்கிட்டாங்க. ஆம்பளைங்க ஒருத்தரை ஒருத்தரு பார்த்துட்டு அவங்களும் தூக்கிட்டாங்க. தீர்மானம் நெறவேறிருச்சு. எனக்கும் கை லேசா எந்திரிச்சுதுங்க, பழக்கதோசம். இழுத்துப் பிடிச்சுக்கிட்டேன்.

அந்த ஸ்டிரைக்கு எனக்குத் தெரியாததில்லை. அதுல எங்கப்பாவோட மூளை இருக்கு பாருங்க, அதைச் சொல்லோணும். ஏழு பேரு உக்காந்தாங்களா, அதுல ஆறு பேரு பிள்ளைகுட்டிக்காரிங்க, ரெண்டு நாள்ல எந்திரிச்சுப் போயிருப்பாங்க. அவங்களைப் பிடிச்சு வெச்சிட்டிருந்தது ஒரு சின்னப் பொண்ணு. பதினெட்டு முடிஞ்சு கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். வாயின்னா வாயி, மில்லு சங்குக்கு மேல கேக்கும். அதான் திலகா. போலீசைக் கூப்பிடலாமின்னு முதலாளி சொன்னாராம். எங்கப்பா வேண்டாமின்னுட்டாரு. நம்ம சனந்தானே, கொஞ்சம் வசதி இல்லாத ஊடு. நேராப் பொண்ணு கேட்டுப் போயிட்டாரு! 'மேஸ்திரி மருமகளாயிட்டா எந்தக் கேட்டுல போயி உக்காருவா?'ன்னு எங்கிட்டச் சொல்லிச் சிரிச்சாரு. வர்ற முகூர்த்தத்துலயே கல்யாணம். ஸ்டிரைக்கு முடிஞ்சுது. ஒரு அடிதடி இல்லை, ஒரு கேசு இல்லை. இந்த மூளைக்குச் சிலை வெக்க வேண்டாமுங்களா? நீங்களே சொல்லுங்க.

ஏன் தம்பி ஜன்னலைப் பார்க்கறீங்க? காத்து வருதா? செரி, கேளுங்க.

தீர்மானத்தை நிறுத்தோணுமின்னு நான் மாவட்டத்தைப் பார்க்கப் போனேன். மாவட்டச் செயலாளரைத்தான் நாங்க மாவட்டம்னு சொல்றது. அவரு என்னைப் பார்த்த ஒடனே, "வாப்பா சென்னியப்பா, உன்ற சம்சாரம் மன்றத்துல பேசின பேச்சு மேலிடம் வரைக்கும் போயிருச்சு. என்ற பேரு அங்க போக எனக்குப் பதினேழு வருசமாச்சு. நீ ஊட்டுல எதாச்சும் ஒத்தாசையா இரு"ன்னாரு. காபிகூடக் குடுக்கலீங்க.

அப்புறம் நாங்க வீட்டுக்காரங்க எல்லாம் கூடினோம். எங்க மன்றத்துல பாதிப் பேரு பொம்பளைக் கவுன்சிலருங்க. பாதிப் பொம்பளைங்கன்னா பாதி வீட்டுக்காரங்க இருப்போமில்லீங்களா? எங்களுக்குள்ள பேரு கெடையாது, வார்டு நம்பருதான். பஸ் ஸ்டாண்டு பேக்கரியில உக்காந்து பேசினோம். எனக்கு நேர்ந்தது நாளைக்கு உங்களுக்குமின்னேன். பதினாலாம் வார்டு கண்ணு கலங்கிட்டாரு, அவருக்கும் நாற்காலி போச்சாம். ஒரு முடிவு எடுத்தோம். நாங்க யாரும் நகராட்சி ஆபீசுப் பக்கமே போறதில்லை. காண்ட்ராக்டருகிட்டப் பேசறது, தண்ணிக் கொழாய் பிட்டரை வெரட்டறது, லைட்டுக்காரனைக் கூப்பிடறது ஒண்ணும் கெடையாது. ஒரு வாரம் நாங்க போகலைன்னா ஊரு நாறிப் போகும், அப்பத் தெரியும் எங்க அருமைன்னோம்.

போகலை. மொதல் நாள் ஒண்ணும் ஆகலை. ரெண்டாம் நாள் மசூதி வீதியில ஆறு மாசமா எரியாத லைட்டு எரிஞ்சுது. மூணாம் நாள் பஸ் ஸ்டாண்டு சாக்கடையில அடைப்பு எடுத்தாங்க. பன்னெண்டு நாளைக்கு ஒருக்கா வந்த தண்ணி அஞ்சாம் நாள் வந்துச்சு. என்ன மாயமோ தெரியலை. நாங்க முன்னாடி பண்ணி வெச்ச வேலையெல்லாம் ஒண்ணாப் பலன் குடுத்துருச்சு போல. பேக்கரிக்காரன் டீயை வெச்சுட்டு, "அண்ணா, இன்னும் ஒரு மாசம் ஸ்டிரைக்கை நீட்டுனீங்கன்னா ரோடும் போட்டுருவாங்க"ன்னான். ஒம்பதாம் வார்டு பாதியிலயே கருங்காலி ஆயிட்டாரு. பேத்தியை ஸ்கூல்ல உடறது, ரேசன் வாங்கறதுன்னு சம்சாரம் வேலை குடுத்துருச்சாம். "நல்லாத்தான் இருக்குதுங்க, பசி எடுக்குது"ன்னாரு. மானங்கெட்டவன்.

திலகா ஊட்டுல ஒண்ணும் கேக்கலை. ஒருநாள் காலையில மட்டும் செருப்புப் போட்டுட்டே, "கோரிக்கையை எழுதிக் குடுங்க, மன்றத்துல வெக்கறேன்"னுட்டு ஜீப்புல ஏறினா.

சிலை தயாராச்சு. நான் குடோனுக்குப் போயிக் குடுமித் தம்பியைப் பிடிச்சேன். "எங்கப்பாவுக்குன்னு ஒண்ணுமே இல்லையா?"ன்னேன். "இருக்கு அண்ணாச்சி. அவருக்கும் எடம் குடுக்கணும்னு மேடம் சொல்லிட்டாவ"ன்னான். எனக்குச் சந்தோசமாப் போச்சு. என்ன இருந்தாலும் மருமகதானே? துணியை எடுத்துக் காட்டினான். ஒரு முக்காலி தம்பி. இரும்பு முக்காலி, ஆளில்லாம. பக்கத்துல சங்கிலியில ஒரு கட்டை தொங்குது.

"இதுல எங்கப்பா எங்கடா?"

"யாரு வேணும்னாலும் ஒக்காந்து பாக்கலாம் அண்ணாச்சி"ன்னான்.

இப்ப நீங்க போனாப் பார்ப்பீங்க. பஸ் ஸ்டாண்டுல வெளியில உக்கார எடமில்லையா, பொம்பளைங்க கூடையை எறக்கி வெச்சுட்டு எங்கப்பா முக்காலியில உக்காந்துதான் பஸ்ஸுக்குக் காத்திருக்கறாங்க. முறுக்கு திங்கறாங்க. போன்ல மாமியாரைப் பத்திப் பேசறாங்க. போன வாரம் ஒருத்தி கொழந்தைக்கு அதுல உக்காந்துதான் ஜட்டி மாத்தினா. கட்டையை ஆட்டிப் பார்க்காத பள்ளிக்கூடத்துப் பொண்ணு கெடையாது.

தெறப்பு விழாவுக்கு நான் போகக் கூடாதுன்னுதான் இருந்தேன். போகலைன்னா ஊரு பேசுமில்லீங்களா? போனேன். மந்திரியைக் கூப்பிடுவான்னு பார்த்தா, ராமாத்தாக்காவைக் கூப்பிட்டுத் துணியை எடுக்கச் சொன்னா. ஏழு பேருல உசுரோட இருக்கறது நாலு பேரு, ராமாத்தாக்காவையும் திலகாவையும் சேர்த்து. நாலும் வரிசையா நின்னாங்க. ராமாத்தாக்காவுக்குக் கை எட்டலை. ஒரு பிடி பிடிச்சு இழுத்துச்சு பாருங்க, துணியோட சேர்ந்து மாலையும் மைக்கும் கீழ வந்துருச்சு.

ஏழு பொம்பளைங்க உக்காந்திருக்கறாங்க. எல்லாம் மில்லு இரும்புதான். ஸ்பிண்டில்ல கை, பல்சக்கரத்துல கொண்டை. ஆறு பேரு ஒருத்தரு மேல ஒருத்தரு சாஞ்சு, அசந்துபோயி இருக்கற மாதிரி. நடுவுல ஒருத்தி மட்டும் நிமிர்ந்து, கழுத்தை முன்னால நீட்டிக் கத்தறா. மிசின் சங்கிலியில நீளமாப் பின்னல். வாயின்னா வாயி, ஒரு தேங்காயை உள்ள வெக்கலாம். நான் சுத்திப் போயிப் பார்த்தேன். இந்தப் பக்கம் இருந்து பார்த்தேன், அந்தப் பக்கம் இருந்து பார்த்தேன்.

நாம கட்டினது வாயை மூடின பொண்ணைத்தானுங்க தம்பி. மணவறையில குனிஞ்ச தலை நிமிரலை. முப்பது வருசத்துக்கு மேலாச்சு, ஊட்டுல அவ சத்தம் பக்கத்து ரூமுக்குக் கேட்டதில்லை. கொறட்டைகூட விட மாட்டா. எனக்கு இந்தப் பொண்ணைத் தெரியாதுங்க. யாரோ ஒருத்தி. பார்க்கறதுக்கு, என்ன சொல்றது, அழகாத்தான் இருந்தா. இப்படி ஒருத்தி நம்மூருல இருந்திருக்கா, எனக்குத் தெரியவே இல்லையேன்னு நெனைச்சேன். நெஞ்சுல ஏதோ அடைச்ச மாதிரி இருந்துச்சு. கேஸுதானுங்க. விழாவுல மசால்வடை குடுத்தாங்க, வெறும் வயித்துல தின்னுட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் ஊட்டுல அவ சுடுதண்ணியில காலை வெச்சு உக்காந்திருந்தா. நாள் பூரா நின்னிருந்தாளே, கால் வீங்கிப் போச்சு. நான் எதுத்தாப்புல போயி உக்காந்தேன்.

"எங்கப்பா உன்னைப் பொண்ணு கேட்டு வந்தது ஸ்டிரைக்கை முடிக்கத்தான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா கட்டிக்கிட்டே?"

அவ தண்ணியைக் காலால அளைஞ்சுட்டே சொன்னா. "எங்கய்யன் கையைக் கட்டிட்டு நின்னாரு. உங்கப்பா பேசிட்டே இருந்தாரு. நான் உள்ள இருந்து வந்து சொன்னேன், மூணு கோரிக்கை இருக்குதுன்னு. கட்டையை எடுத்துரோணும். குடிக்கற தண்ணிக்கு உள்ளயே பானை வெக்கோணும். மத்த ஆறு பேரையும் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கோணும். மூணுக்கும் செரின்னாக் கட்டிக்கறேன்னேன். ராமாத்தாக்காவை வெச்சுத்தான் பேசினோம். உங்கப்பா ரொம்ப நேரம் மோட்டுவளையைப் பார்த்துட்டு இருந்துட்டுச் செரின்னாரு."

கேட்டீங்களா தம்பி? கட்டை, தண்ணிப் பானை, ஆறு பொம்பளைங்க, நானு. எங்கப்பாவோட மூளைன்னு இத்தனை வருசம் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். பேரம் பேசினது இவளாம்!

"நான் என்ன ஸ்டிரைக்கு ஒப்பந்தமா?"ன்னேன்.

"நீங்க நாலாவது ஷரத்துங்க"ன்னா. சிரிக்கலை. சிரிச்சிருந்தாக்கூட விளையாட்டுன்னு விட்டிருப்பேன்.

"எங்கப்பா சொன்னபடி செஞ்சாரா இல்லையா?"

"செஞ்சாரு. ஒரு வருசம். அப்புறம் மறுபடி கட்டையைத் தொங்க விட்டுட்டாரு. நான் கேட்டேன். 'அது மில்லு, இது ஊடு, நீ அடுப்பைப் பாரு'ன்னாரு. எனக்கு உக்கார ஒரு கேட்டு இல்லை. நீங்க பக்கத்துல உக்காந்து சோறு தின்னுட்டு இருந்தீங்க."

எனக்கு அது நெனப்பே இல்லீங்க. எத்தனையோ நாள் எங்கப்பா பக்கத்துல உக்காந்து சோறு தின்னிருக்கேன், எந்த நாளுன்னு கண்டேன்? என்ன கொழம்புன்னாவது சொல்லியிருந்தா நெனப்பு வந்திருக்கும்.

தண்ணி ஆறிப் போச்சு. எடுத்துட்டுப் போயிச் சுட வெச்சுக் கொண்டாந்து ஊத்தினேன். நானேதான். அடுப்பு பத்தவெக்கத் தெரியாதுன்னு நெனைச்சுக்காதீங்க. லைட்டர் எங்க இருக்குதுன்னு மட்டும் ஒருக்காக் கேட்டேன்.

ஊத்திட்டுக் கேட்டேன். இதையெல்லாம் ஒரு ஆம்பளை வாயை விட்டுக் கேக்கறது கஷ்டமுங்க, இருந்தாலும் கேட்டேன். "ஏம்புள்ள, என்னைக் கட்டினதுல உனக்குச் சந்தோசமா, வருத்தமா?"

அவ என்னை நிமிர்ந்து பார்த்தா. நல்லாப் பார்த்தா. அப்புறம், "பேச்சுவார்த்தை நடந்துட்டிருக்குதுங்க"ன்னா.

அவ்வளவுதான். துண்டை எடுத்துக் காலைத் தொடைச்சுட்டு உள்ள போயிட்டா.

கண்டக்டரே, பஸ் ஸ்டாண்டு ஒண்ணு, மெதுவா நிறுத்துங்க, முழங்கால் செரியில்லை. வாங்க தம்பி, எறங்கலாம். பார்க்காதீங்கன்னு சொன்னேன், செரி, இத்தனை தூரம் வந்துட்டீங்க, ஒருவாட்டி பாருங்க. நடுவுல இருக்கற பொண்ணை அந்தப் பக்கமா நின்னு பார்க்கோணும், அப்பத்தான் நல்லா இருக்கும். நானே காட்டறேன்.

பேச்சுவார்த்தைன்னா அதுக்கு ஒரு கோரிக்கை இருக்கோணுமில்லீங்களா? என்ன கோரிக்கைன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்ல மாட்டேங்கறா. என்னங்கறீங்க, 'கேட்டாத்தானே சொல்லுவாங்க'ங்கறீங்களா? அட, அதையும் நானேதான் கேக்கோணுமுங்களா?